நோயாளியின் குறிப்பு எவர் சொத்து?

நோயுற்ற ஒருவர் ஓர் ஆஸ்பத்திரியை விட்டு மற்றோர் ஆஸ்பத்திரிக்குச் செல்லும்பொழுது, அவருடைய நோயின் சரித்திரமும் அவரோடு செல்ல வேண்டுமென்பது எவரும் மறுக்கவொண்ணாத நியாயமாகும். ஆயினும் நம் தேசத்திலும் பிற தேசங்கள் பலவற்றிலும் நிகழ்ந்து வருவது இதற்கு மாறாகவே இருக்கிறது. மனிதர் முன்னே போகிறார். குறிப்பு பின்னே தங்கிவிடுகிறது. தாலுகா ஆஸ்பத்திரியில் செய்த இரத்தப் பரிசோதனை ஜில்லா ஆஸ்பத்திரியில் மீண்டும் செய்யப்படுகிறது. அங்கே எடுத்த ஸ்கேன் படம் தனியார் ஆஸ்பத்திரியின் வாயிலைத் தாண்டியவுடன் செல்லாக் காசாகிறது. எந்தப் பெரிய ஆஸ்பத்திரியின் முன் நின்று நோக்கினும், பழைய மருந்துச் சீட்டுகளையும் எக்ஸ்ரேப் படங்களையும் ஒரு பிளாஸ்டிக் பையில் திணித்துக்கொண்டு வருவோரைக் காணலாம். அந்தப் பைதான் அவர்களுடைய வைத்திய சரித்திரம். பை மழையில் நனைந்தால் சரித்திரமும் நனைகிறது. பஸ்ஸில் தவறினால் சரித்திரமும் தவறிப்போகிறது.

இதனால் விளையும் நஷ்டம் பணத்தளவில் நிற்பதன்று. பெனிசிலின் ஒவ்வாத ஒருவர் நினைவிழந்த நிலையில் அவசர சிகிச்சைக்குக் கொண்டுவரப்படுவாராயின், அம்மருந்து அவருக்கு ஆகாதென்பதை வைத்தியருக்கு எடுத்துச் சொல்வார் யார்? இரத்தம் உறையாதிருக்க மருந்து உட்கொண்டு வருபவர் என்பதை அறியாது சத்திர சிகிச்சை தொடங்கினால் நேரக்கூடிய விபரீதத்தை விவரிக்க வேண்டுவதில்லை. வைத்தியருக்குத் திறமையிருந்தும், செய்தி அவர் கைக்கு எட்டாமையால் உயிர் போகுமாயின், அது விதியின் செயலன்று, ஏற்பாட்டின் குறை.

இக்குறையைத் தீர்க்கும் சாதனம் இல்லாமலில்லை. கணிப்பொறியில் வைத்தியக் குறிப்புகளை எழுதி வைக்கும் வழக்கம் தோன்றி ஐம்பது வருஷங்களுக்கு மேலாகின்றது. ஒரு பிரதேசத்திலுள்ள ஆஸ்பத்திரிகளும், பரிசோதனைச் சாலைகளும், மருந்துக் கடைகளும் அக்குறிப்புகளைத் தம்முள் பரிமாறிக்கொள்ளும் முறையும் முப்பது வருஷங்களுக்கு முன்பே நடைமுறைக்கு வந்தது. அங்ஙனமிருந்தும் காரியம் கைகூடாதிருப்பதேன்? இம்முயற்சியில் நெடுங்காலம் உழன்ற அமெரிக்க ஐக்கிய நாட்டின் அநுபவத்தை முதலிலும், 2021-ஆம் வருஷம் முதல் நம் தேசத்தில் நடந்து வரும் ஏற்பாட்டைப் பின்னரும் ஆராய்ந்து, இக்கேள்விக்கு விடை காண முயல்வோம். அவர்கள் பெரும் பொருள் செலவிட்டுக் கற்ற பாடத்தை நாம் செலவின்றிக் கற்கலாமன்றோ?

பரிமாற்றம் எவ்வாறு நடைபெறுகிறது

முதலில் காரியத்தின் தன்மையை அறிந்து கொள்ளுதல் நலம். ஓர் ஆஸ்பத்திரியின் குறிப்பு மற்றோர் ஆஸ்பத்திரியில் பயன்பட வேண்டுமானால் மூன்று விஷயங்கள் அவசியம்.

ஒன்று, ஆளை அறிதல். இங்கே 'எம். முருகேசன்' என்று எழுதப்பட்டவரும் அங்கே 'முருகேசன் எம்.' என்று எழுதப்பட்டவரும் ஒருவர்தாமா என்பது ஐயமறத் தெரிய வேண்டும். இருவரை ஒருவராகக் கொண்டால் ஒருவர் நோய் மற்றவர் தலையில் ஏறும். ஒருவரை இருவராகக் கொண்டால் பாதிச் சரித்திரம் மறைந்து போகும்.

இரண்டு, பொதுப் பெயர். இரத்தத்திலுள்ள சர்க்கரையின் அளவை ஒரு பரிசோதனைச் சாலை ஒரு பெயரால் எழுதுகிறது. அடுத்த தெருவிலுள்ளது வேறொரு பெயரால் எழுதுகிறது. வைத்தியர் படித்தால் இரண்டும் ஒன்றென்று அறிவார், இயந்திரம் அறியாது. ஆதலின் ஒவ்வொரு பரிசோதனைக்கும் உலகம் முழுவதற்கும் பொதுவானதொரு குறியீட்டெண் வேண்டியதாயிற்று. 'லாயின்க்' என வழங்கும் அக்குறியீட்டு முறை 1994-ல் அமெரிக்காவின் இந்தியானாபோலிஸ் நகரில் தொடங்கப்பெற்றது.

மூன்று, பொது உறை. தபாலில் கடிதம் செல்வதற்கு விலாசமெழுதும் முறை ஒன்றிருப்பது போல, குறிப்பு ஒரு கணிப்பொறியிலிருந்து மற்றொன்றுக்குச் செல்ல ஓர் ஒழுங்கு வேண்டும். 1987-ல் தோன்றிய 'ஹெச்.எல். 7' என்னும் ஸ்தாபனம் இவ்வொழுங்கை வகுத்தளித்தது. அதன் பிந்திய வடிவமாகிய 'ஃபையர்' என்பதையே நம் தேசத்தின் ஏற்பாடும் கைக்கொண்டிருக்கிறது.

இம்மூன்றும் தொழில் வல்லுநர் தீர்க்கக்கூடிய பிரச்னைகள். பெரும்பாலும் தீர்த்தும் விட்டனர். எஞ்சி நிற்பது நான்காவதொன்று. குறிப்பை வைத்திருப்பவர் அதைக் கொடுக்கச் சம்மதிக்க வேண்டும். குறிப்புக்குரியவர் அது செல்வதற்கு மனமிசைய வேண்டும். இந்நான்காவதில்தான் முயற்சிகள் பல கவிழ்ந்தன.

ஒரு நகரின் வெற்றி

மேற்சொன்ன இந்தியானாபோலிஸ் நகரில், பாத்திரம் கழுவும் இயந்திரங்களை உற்பத்தி செய்து பொருளீட்டிய சாம் ரீகன்ஸ்ட்ரீஃப் என்பவரது கொடையால் 1969-ல் ஓர் ஆராய்ச்சி நிலையம் எழுந்தது. அங்கே டாக்டர் கிளமெண்ட் மக்டானல்ட் என்பார் 1970-களின் தொடக்கத்தில் ஒரு பொது ஆஸ்பத்திரியின் நீரிழிவு நோயாளிகளுடைய குறிப்புகளைக் கணிப்பொறியில் ஏற்றத் தொடங்கினார். 1976-ல் அவர் வெளியிட்ட ஆராய்ச்சி இன்றும் நினைக்கத்தக்கது. கவனிக்க வேண்டியதொரு நிலைமை நோயாளியிடம் தோன்றியபோது, கணிப்பொறி நினைவூட்டிய இடங்களில் நூற்றுக்கு 51 தடவை வைத்தியர் உரியதைச் செய்தனர். நினைவூட்டாத இடங்களில் 22 தடவையே செய்தனர். இருவகையிலும் வைத்தியர் அவர்களே, கல்வியும் அதுவே. மனித மனத்தால் ஒரே வேளையில் நினைவிற்கொள்ளக் கூடிய செய்திக்கு ஓர் எல்லையுண்டென்பதே அவர் கண்ட முடிபு.

1990-களின் நடுவில் அந்நகரின் ஆஸ்பத்திரிகள் தம் அவசர சிகிச்சை விடுதிகளில் ஒன்றன் குறிப்பை மற்றொன்று காணும் ஏற்பாட்டில் சேர்ந்தன. இவை ஒன்றோடொன்று வியாபாரப் போட்டியுடையவை என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும். அவற்றை ஒரே குடையின் கீழ்க் கொணர்ந்தது எது? ஆராய்ச்சி நிலையம் எந்த ஆஸ்பத்திரிக்கும் போட்டியன்று, லாபம் கருதியதுமன்று. ஒவ்வோர் ஆஸ்பத்திரியின் குறிப்புகளும் தனித்தனிப் பெட்டகங்களிலேயே வைக்கப்பட்டன. நோயாளி ஒருவர் சிகிச்சைக்கு வந்து நின்ற போது மட்டும் அவரைப் பற்றியவை ஒன்றுகூட்டிக் காட்டப்பட்டன. 2004-ல் இதற்கென லாப நோக்கமற்ற தனி ஸ்தாபனம் ஒன்றும் ஏற்பட்டது. அது தன் செலவுக்குத் தேடிக்கொண்ட வழி சாமானியமானது: பரிசோதனை முடிவுகளை ஆஸ்பத்திரிகளிலிருந்து வைத்தியர்களிடம் கொண்டு சேர்க்கும் தபாற்காரன் வேலையை அது ஏற்றுக்கொண்டது. தாமே அனுப்புவதினும் அது மலிவாயிருந்தமையால் ஆஸ்பத்திரிகள் மனமுவந்து கட்டணம் செலுத்தின. அன்றாடத் தேவை ஒன்றை நிறைவேற்றிக் காட்டிய பின்னரே பெரிய இலட்சியத்துக்கு வலு ஏற்பட்டது.

மற்றொரு ஜில்லாவின் தோல்வி

இதே காலத்தில் கலிபோர்னியா மாகாணத்தின் ஸாண்டா பார்பரா ஜில்லாவிலும் இத்தகைய முயற்சி ஒன்று நடந்தது. 1998-ஐ ஒட்டித் தொடங்கிய அதற்கு, ஒரு தர்ம ஸ்தாபனம் ஏறக்குறைய 1 கோடி டாலர் நன்கொடை அளித்தது. அதற்குரிய இயந்திர ஏற்பாட்டைச் செய்த நிறுவனத்தின் தலைவராயிருந்த டேவிட் பிரெய்லர், 2004-ல் தேசத்தின் சுகாதாரச் செய்தித் துறைக்கே முதல் அதிகாரியாக நியமிக்கப்பட்டார். தேசம் முழுவதும் எடுத்துக்காட்டாகப் போற்றிய திட்டம் அது. ஆயினும் 2006 டிசம்பரில் அது கடையைக் கட்டியது.

காரணம் யாது? இயந்திரம் தயாராவதில் தாமதம் நேர்ந்தது உண்மை. குறிப்பு வெளியே சென்று ஏதேனும் தீங்கு விளைந்தால் வழக்குக்கு உட்பட வேண்டியவர் யார் என்ற அச்சம் ஆஸ்பத்திரிகளைப் பிடித்துக்கொண்டதும் உண்மை. அவற்றினும் முக்கியமானது ஒன்று: நன்கொடை தீர்ந்தபின் செலவை யார் ஏற்பதென்ற கேள்வி பிறந்தது, 'இது இல்லாவிடில் எங்களுக்கு நஷ்டம்' என்று சொல்வார் அங்கே ஒருவருமில்லை. நோயாளிக்கு நஷ்டந்தான், ஆனால் நோயாளி அந்தச் சபையில் உட்கார்ந்திருக்கவில்லை.

இவ்விரண்டு சரித்திரங்களுக்கும் இடையே 2005 ஆகஸ்டில் 'காத்ரீனா' என்னும் பெரும் புயல் நியூ ஆர்லியன்ஸ் நகரை மூழ்கடித்தது. ஆயிரக்கணக்கான ஜனங்கள் வேறு ஊர்களுக்கு ஓடினர். காகிதக் குறிப்புகள் வெள்ளத்தில் கரைந்து போயின. தாம் உட்கொண்டு வந்த மருந்தின் பெயரும் அறியாது முகாம்களில் நின்றோர் பலர். ஆனால் முன்னாள் ராணுவ வீரர்களுக்கென சர்க்கார் நடத்தும் ஆஸ்பத்திரிகளில் சிகிச்சை பெற்று வந்தோருக்கு அக்கதி நேரவில்லை. அவர்களுடைய குறிப்புகள் மின்னணு முறையில் இருந்தமையால், வேறு நகரங்களில் இருந்த அதே இலாகாவின் ஆஸ்பத்திரிகளில் அவற்றைத் திறந்து பார்க்க முடிந்தது. ஒரே வெள்ளம், ஒரே ஊர், குறிப்பு உடன் வந்தவருக்கு ஒரு நிலை, வாராதவருக்கு மற்றொரு நிலை. சென்னை 2015-ல் கண்ட வெள்ளத்தை மறவாத நம்மவர்க்கு இதன் பொருளை விரித்துரைக்க வேண்டா.

பணம் வாங்கித் தராத பொருள்

2009-ல் அமெரிக்க சர்க்கார் ஒரு சட்டம் இயற்றி, கணிப்பொறிக் குறிப்பு முறையைக் கைக்கொள்ளும் ஆஸ்பத்திரிகளுக்கும் வைத்தியர்களுக்கும் ஊக்கத்தொகை அளிக்க முன்வந்தது. பின்வந்த வருஷங்களில் 3,000 கோடி டாலருக்கு மேற்பட்ட தொகை இவ்வாறு வழங்கப்பட்டது. 2008-ல் இம்முறையைக் கொண்டிருந்த ஆஸ்பத்திரிகள் நூற்றுக்குப் பத்தினும் குறைவு. 2015-ல் அவை நூற்றுக்கு எண்பதுக்கு மேலாயின. இயந்திரங்கள் வந்து சேர்ந்தன. ஆனால் அவை ஒன்றோடொன்று பேச மறுத்தன! காகிதக் கட்டுகள் அடுக்கி வைத்த அலமாரிகள் போய், பூட்டிய மின்னணு அலமாரிகள் வந்தன, அவ்வளவே.

2015 ஏப்ரலில் அந்நாட்டின் காங்கிரஸ் சபைக்குச் சமர்ப்பிக்கப்பட்ட அறிக்கையொன்று விஷயத்தை வெளிப்படையாகக் கூறிற்று: மென்பொருள் விற்போரிலும் ஆஸ்பத்திரி நடத்துவோரிலும் சிலர் அறிந்தே குறிப்புகளைத் தடுத்து வைக்கின்றனர். நோயாளியின் குறிப்பு தம்மிடம் இருக்கும் வரையில் நோயாளியும் தம்மிடமே இருப்பார். குறிப்பு எளிதில் வெளியேறுமாயின் வாடிக்கையும் எளிதில் வெளியேறும் என்பது வியாபாரக் கணக்கு. 2016 டிசம்பரில் நிறைவேறிய சட்டம் இத்தடுப்பைக் குற்றமாக்கியது. மென்பொருள் விற்போருக்கும் பரிமாற்ற ஸ்தாபனங்களுக்கும் ஒவ்வொரு மீறலுக்கும் 10 லட்சம் டாலர் வரை அபராதம் விதிக்க இடமளித்தது. அதன் விதிகள் 2021 ஏப்ரலில் அமலுக்கு வந்தன. பல பிரதேச வலைகளையும் இணைக்கும் தேசியப் பொது ஒப்பந்தம் 2023 டிசம்பரில்தான் செயற்படத் தொடங்கியது.

கணக்கிட்டுப் பார்மின்! முதற் கணிப்பொறிக் குறிப்புக்கும் இவ்வொப்பந்தத்துக்கும் இடையே அரை நூற்றாண்டு கழிந்தது. கருவிக்காகக் காத்திருந்த காலம் அதில் சொற்பம். குறிப்பு எவருடைய சொத்து என்ற கேள்வியைச் சட்டம் துணிந்து தீர்க்காமற் போனதால் வீணான காலமே அதிகம்.

அச்சமும் நியாயமானதே

குறிப்புகள் தடையின்றிச் செல்லட்டும் என்று மட்டும் கூறி நிறுத்திவிடுவது பொறுப்புள்ள செயலாகாது. ஒருவரின் வைத்தியக் குறிப்பில் அவர் மனைவி மக்களுக்கும் சொல்லாத ரகசியங்கள் இருக்கும். க்ஷயரோகம், எய்ட்ஸ், மனநோய், கருச்சிதைவு ஆகியவற்றைப் பற்றிய செய்தி வெளியானால் வேலை போகும், கலியாணம் நின்றுவிடும், வாடகை வீடும் காலி செய்ய நேரும்.

பின்லாந்து தேசத்தில் மனோவைத்திய நிலையங்களை நடத்திய ஒரு நிறுவனத்தின் குறிப்புகள் திருடப்பட்டு, 2020-ல் அத்திருடர் நோயாளிகளுக்கே தனித்தனியாகக் கடிதமெழுதி, பணம் தராவிடில் அவர்கள் வைத்தியரிடம் மனந்திறந்து கூறியவற்றைப் பிரசுரிப்பதாக மிரட்டினர். 2022 நவம்பரில் தில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தின் கணிப்பொறிகள் தாக்கப்பட்டு, அங்கே பல நாட்கள் கையெழுத்திலேயே வேலை நடந்தது. 2024 பிப்ரவரியில் அமெரிக்காவில் வைத்தியக் கட்டணக் கணக்குகளைக் கையாளும் நிறுவனமொன்று தாக்கப்பட்டபோது, சுமார் 19 கோடி ஜனங்களின் விவரங்கள் பாதிக்கப்பட்டனவென்று பின்னர் அறிவிக்கப்பட்டது. எல்லாவற்றையும் ஓரிடத்தில் குவித்து வைப்பது திருடனுக்கு வழி காட்டுவதாகும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டா.

திருட்டு ஒருபுறமிருக்க, சர்க்காரே ஜனங்களைக் கலக்காமற் செய்வதும் காரியத்தைக் கெடுக்கும். இங்கிலாந்தில் 2013-ல் 'கேர்.டேட்டா' என்ற பெயரால் குடும்ப வைத்தியர்களிடமுள்ள குறிப்புகளை ஓரிடத்தில் திரட்ட ஒரு திட்டம் அறிவிக்கப்பட்டது. தம் குறிப்பு எங்கே செல்லும், யார் பார்ப்பார், எதற்குப் பயன்படும் என்பது ஜனங்களுக்குத் தெளிவாகச் சொல்லப்படவில்லை. எதிர்ப்பு மூண்டது. 2014-ல் திட்டம் நிறுத்தி வைக்கப்பட்டு, 2016-ல் கைவிடப்பட்டது. மாறாக, எஸ்டோனியா என்னும் சிறு தேசத்தில் 2008 முதல் தேசம் முழுவதற்குமான ஏற்பாடு நடந்து வருகிறது. அங்கே எந்தக் குடியும் தன் குறிப்பைத் தானே திறந்து, அதை எப்பொழுது யார் பார்த்தார் என்பதைக் காணலாம். கதவுக்குப் பூட்டிருப்பதோடு, உள்ளே வந்து போனவர் பெயரும் எழுதப்படுமானால் வீட்டுக்குடையவருக்குத் தைரியம் உண்டாகிறது. இந்தத் தைரியமே பரிமாற்றத்துக்கு அஸ்திவாரம்.

நம் தேசத்தின் நிலை

நம் தேசத்தில் இக்கருத்துக்கு வித்து பழமையானது. ஸர் ஜோஸப் போர் தலைமையில் அமைந்த கமிட்டி 1946-ல் வெளியிட்ட அறிக்கை, கிராமத்தை ஒட்டிய ஆரம்ப நிலையம், அதற்கு மேல் இரண்டாம் நிலையம், அதற்கு மேல் ஜில்லாத் தலைமை ஆஸ்பத்திரி என மூன்று படிகளை வகுத்தது. நோயாளி படியேறிச் செல்ல வழி வகுக்கப்பட்டது. குறிப்பு படியேறுவதற்கு இன்னும் ஒழுங்கான வழி ஏற்படவில்லை.

2021 செப்டம்பர் 27-ல் மத்திய சர்க்கார் 'ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் மிஷன்' என்ற ஏற்பாட்டைத் தேசம் முழுவதற்கும் தொடங்கிற்று. இதில் சேர்வோருக்கு 'ஆபா' எனப்படும் 14 இலக்க எண் ஒன்று அளிக்கப்படுகிறது. குறிப்புகள் ஒரே களஞ்சியத்தில் குவிக்கப்படுவதில்லை; உண்டான இடத்திலேயே இருந்து, நோயாளி சம்மதித்தால் மட்டும் கேட்டவருக்குச் செல்லும். அமைப்பு முறையில் இது நல்ல ஏற்பாடே. இதைக் குறை கூற நாம் விரும்பவில்லை. 2025-ன் தொடக்கத்தில் 70 கோடிக்கு மேற்பட்ட எண்கள் வழங்கப்பட்டிருந்தன.

ஆனால் எண் வழங்கியதையே வெற்றியாகக் கொள்வது, தபால்பெட்டி நட்டதையே கடிதம் சேர்ந்ததாகக் கொள்வது போலாகும். மேலும் 2021-ல் கொரோனாத் தடுப்பூசிக்கு ஆதார் எண்ணைக் காட்டிப் பதிவு செய்துகொண்டோரில் பலர், தாம் கேளாமலே இவ்வடையாள எண் தம் சான்றிதழில் அச்சாகியிருக்கக் கண்டனர். சம்மதத்தையே உயிராகக் கொண்டதாகச் சொல்லப்படும் ஏற்பாடு, சம்மதம் கேளாமல் தொடங்குவது நன்றன்று. இங்கிலாந்தின் உதாரணம் இங்கே நினைவுக்கு வர வேண்டும்.

சட்டத்தின் நிலையை நோக்குவோம். 2002-ஆம் வருஷத்து வைத்தியர் ஒழுக்க விதிகளின்படி, நோயாளியோ அவரால் அதிகாரமளிக்கப்பட்டவரோ குறிப்பைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். 2016-ல் மத்திய சுகாதார இலாகா வெளியிட்ட மின்னணுக் குறிப்பு நியமங்கள், குறிப்பிலடங்கிய செய்தி நோயாளிக்கே சொந்தம் என்றும், ஆஸ்பத்திரி அதை அவர் பொருட்டு நம்பிக்கைப் பொறுப்பில் வைத்திருக்கிறதென்றும் கூறுகின்றன. 2017 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட்டின் ஒன்பது நீதிபதிகள் புட்டசாமி வழக்கில், அந்தரங்கம் ஜீவாதார உரிமையென ஒருமித்துத் தீர்ப்பளித்தனர். 2018-ல் வைத்தியச் செய்திகளின் பாதுகாப்புக்கெனத் தனிச் சட்ட நகல் ஒன்று வெளியிடப்பட்டது, அது சட்டமாகவில்லை. 2023-ல் நிறைவேறிய தனிமனிதச் செய்திப் பாதுகாப்புச் சட்டம் எல்லாவகைச் செய்திகளையும் ஒரே தட்டில் வைத்தது. 2011-ஆம் வருஷத்து விதிகள் வைத்தியக் குறிப்பைத் தனிக் கவனத்துக்குரியதாகப் பிரித்து வைத்திருந்தன. புதிய சட்டத்தில் அப்பிரிவினை இடம்பெறவில்லை. கடையில் சோப்பு வாங்கிய கணக்கும் க்ஷயரோகச் சிகிச்சைக் கணக்கும் ஒரே ஜாதியாகுமோ?

ஆக, உரிமை உண்டென்று நியமம் கூறுகிறது. அதை மறுப்பவருக்குத் தண்டனை கூறும் தனிச் சட்டம் இல்லை. உரிமை காகிதத்தில் இருக்கிறது. குறிப்பு ஆஸ்பத்திரியில் இருக்கிறது.

'எங்கள் செலவில் எங்கள் ஊழியர் எழுதிய குறிப்பு எங்களுடையதே' என்பது ஆஸ்பத்திரி நடத்துவோர் கூறும் வாதம். வக்கீல் தொழிலில் பழகியோருக்கு இவ்வாதம் புதிதன்று. கட்சிக்காரர் வக்கீலை மாற்றிக்கொள்ள விரும்பினால், பீஸ் பாக்கி இருந்தாலும் கேஸ் கட்டைத் திருப்பித் தர மறுக்க வக்கீலுக்கு உரிமையில்லையென்று 2000-ஆம் வருஷத்தில் சுப்ரீம் கோர்ட்டார் தீர்ப்புச் செய்தனர். பாக்கியை வசூலிக்க வேறு வழிகள் உண்டு. கட்டைப் பிடித்து வைப்பது அவ்வழிகளுள் ஒன்றன்று. சொத்து வழக்கின் கட்டுக்கு இவ்விதியானால், உயிர் வழக்கின் கட்டுக்கு வேறு விதி எங்ஙனம் பொருந்தும்? கோயிற் சொத்துக்குத் தர்மகர்த்தா எப்படியோ, அப்படியே நோயாளியின் குறிப்புக்கு ஆஸ்பத்திரி. காக்கும் கடமை உண்டு. அநுபவிக்கும் பாத்தியதை இல்லை.

செய்ய வேண்டுவது

தமிழ்நாட்டில் இதற்குத் தேவை எத்துணை என்பதற்குத் தலைப்பிரசவ வழக்கமொன்றே போதும். கர்ப்பிணி கணவனூரில் பதிவு செய்துகொள்கிறாள், ஏழு மாதம் அங்கே பரிசோதனை நடக்கிறது, வளைகாப்பு முடிந்து தாய்வீடு செல்கிறாள், பிரசவமோ அவ்வூரில். கர்ப்பிணிகளைப் பதிவு செய்யும் கணிப்பொறி ஏற்பாடு நம் மாகாண சர்க்காரிடம் நெடுநாளாக உண்டு. ஆயினும் அவள் நள்ளிரவில் தனியார் ஆஸ்பத்திரிக்கு எடுத்துச் செல்லப்படும்போது, அவளுடைய இரத்த அழுத்தம் கடந்த மாதங்களில் எவ்வாறிருந்ததென்பது அங்குள்ள வைத்தியருக்கு உடனே தெரிய வேண்டும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டிலேயே மருந்து பெறும் சர்க்கரை நோயாளிக்கும் இதுவே பொருந்தும். மாரடைப்பு வந்த நாளில் அவர் எந்த ஆஸ்பத்திரிக்குச் செல்வாரென்று முன்னரே எவர் அறிவார்?

ஆதலின் நாம் வற்புறுத்துவன இவை. முதலாவதாக, குறிப்பு நோயாளியின் உடைமை என்பதைச் சட்டமே கூற வேண்டும். கேட்டவுடன் மின்னணு வடிவில் தர வேண்டுமென்றும், பில் பாக்கியைக் காட்டி நிறுத்தி வைப்பது குற்றமென்றும் அதில் விதி வேண்டும். இரண்டாவதாக, ஜில்லாதோறும் பரிமாற்றத்தை நடத்த லாபம் கருதாத பொது ஸ்தாபனம் அமைய வேண்டும். அதன் நிர்வாக சபையில் சர்க்கார் ஆஸ்பத்திரி, தனியார் ஆஸ்பத்திரி, தனி வைத்தியர் ஆகியோருடன் நோயாளிகளின் பிரதிநிதிகளும் அமர வேண்டும். ஸாண்டா பார்பராவில் காலியாயிருந்த அந்த நாற்காலி இங்கே காலியாயிருக்கலாகாது. மூன்றாவதாக, ஒருவருடைய குறிப்பை யார் பார்த்தாலும் அச்செய்தி அவருக்குத் தமிழில் அறிவிக்கப்பட வேண்டும். அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையிலுள்ள 22 பாஷைகளிலும் சம்மதப் பத்திரம் கிடைக்க வேண்டுமென்று 2023-ஆம் வருஷத்துச் சட்டமே சொல்கிறது. ஆங்கிலத்தில் அச்சிட்ட தாளில் கைநாட்டு வாங்கும் வழக்கம் ஒழிய வேண்டும். சம்மதம் மறுத்தவருக்குச் சிகிச்சை மறுக்கப்படலாகாது. நான்காவதாக, சிற்றூரில் ஒற்றை அறையில் வைத்தியம் பார்ப்போருக்கு மென்பொருளும், எழுத்து வேலைக்கு உதவியும் சர்க்கார் செலவில் கிடைக்க வேண்டும். ஒரு நாளில் நூறு பேரைப் பார்க்கும் வைத்தியரிடம், நூறு பேருக்கும் தட்டச்சு செய்யுமென்று கட்டளையிடுவது நடவாத காரியம்.

இவை சட்டசபையாலும் பார்லிமெண்டாலும் ஆக வேண்டியவை. ஆனால் சட்டம் வரும்வரையில் கைகட்டியிருக்க வேண்டுமென்பதில்லை. 72 மணி நேர விதி இன்றே கையில் இருக்கிறது. ஊர்தோறும் பொதுப்பணியில் ஈடுபட்டுள்ள அன்பர்களை நாம் வேண்டிக்கொள்வது இது: ஆஸ்பத்திரியிலிருந்து வெளிவரும் ஒவ்வொருவரும் தம் முழுக் குறிப்பையும் எழுத்து மூலம் கேட்கும்படி செய்யுங்கள். எழுதத் தெரியாதவருக்கு எழுதிக் கொடுங்கள். மனுவின் பிரதியில் தேதியும் கையொப்பமும் வாங்குங்கள். மறுக்கப்பட்டால், மாகாண மெடிக்கல் கவுன்சிலுக்குப் புகாரெழுதித் துணை நில்லுங்கள். ஆயிரம் பேர் கேட்கத் தொடங்கிய ஜில்லாவில், கொடுப்பதற்கு ஓர் ஒழுங்கு ஏற்பட்டே தீரும். கேட்பார் இல்லாத உரிமையை எந்த இயந்திரமும் நிலைநாட்டாது.